ஆஸ்பத்திரிக்குப் போற அன்னைக்கு மட்டும் கை கால் நல்லா இருக்கு!

தோவாளைப் பூச்சந்தை பொழுது விடியும்வரை காத்திருக்காது. ஊர் உறங்கிக்கொண்டிருக்கும்போதே பிச்சியும் அரளியும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். அங்கே கட்டப்படும் மாணிக்க மாலைக்கு 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நொச்சி இலை. இவற்றை ஒவ்வொன்றாக மடித்து, கல் பதித்த பட்டை போல வரிசை பிசகாமல் கட்ட வேண்டும். அத்தனையும் விரல் நுனி வேலை.

அந்த வேலையில் முப்பது வருடம் இருந்த ஓர் அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம். தோவாளையிலோ செண்பகராமன்புதூரிலோ ஆரல்வாய்மொழியிலோ இப்படி ஒருவர் இருக்கக்கூடும். நாலு வருடமாக அவருக்கு முடக்குவாதம். டாக்டர்கள் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்பார்கள். பழைய ஆட்கள் சரவாங்கி என்பார்கள். காலையில் கண் விழித்தால் விரல்கள் மடங்காது. பாதம் தரையில் பட்டால் கூழாங்கல் மேல் நிற்பதுபோல் இருக்கும். சுவரைப் பிடித்துக் குளியலறைக்குப் போய்ச் சேரவே கால் மணி நேரம். விறைப்பு விட ஒன்பது மணி, சில நாள் பத்து மணி ஆகிவிடும். அதற்குள் சந்தை முடிந்திருக்கும்.

இது சோம்பலோ மனப்பிரமையோ அல்ல. மூட்டில் வீக்கத்தைக் கிளப்பும் ரசாயனங்கள் உடம்பில் பின்னிரவிலும் விடிகாலையிலும்தான் அதிகமாகச் சுரக்கின்றன. காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிப்பதை இந்த நோயின் முக்கிய அடையாளங்களில் ஒன்றாகவே மருத்துவம் வைத்திருக்கிறது. இன்னொரு அடையாளம் உண்டு. நோய் ஒரே சீராக இருக்காது. மூன்று வாரம் ஓரளவு ஓடும். நாலாவது வாரம் மணிக்கட்டும் முட்டும் வீங்கி, ஆளைப் படுக்கையில் போட்டுவிடும். பிறகு தானாக இறங்கும்.

இப்போது அவர் மாற்றுத்திறனாளி சான்றிதழுக்குப் போகிறார். போவதற்கு ஒரு நல்ல நாளாகத்தான் பார்த்திருப்பார். மோசமான நாளில் அவரால் வீட்டு நடையைத் தாண்ட முடியாதே! காலம்பறவே வலி மாத்திரை போட்டாயிற்று. மகள் வெந்நீரில் கையை ஊற வைத்தாள். தலை சீவி, வெளுத்த சேலை கட்டி, வடசேரிக்கு ஒரு பஸ், அங்கிருந்து ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கு இன்னொரு பஸ். வரிசையில் உட்கார்ந்து அவர் முறை வரும்போது மணி பதினொன்றரை. ஒரு நாளில் அவருடைய கை மிக நன்றாக இருக்கும் நேரம் அதுதான்.

“கையை மடக்குங்கம்மா.”

மடங்குகிறது.

“எழுந்து நடங்க.”

நடக்கிறார்.

“இப்பம் எப்படி இருக்கு?”

“இப்பம் பரவாயில்ல சார்.”

அந்தப் பதிலில் பொய் இல்லை. ஆனால் விடியல் நாலு மணி முதல் ஒன்பது மணி வரை அவர் படும் பாட்டில் ஒரு துளிகூட அதில் இல்லை. டாக்டரைக் குறை சொல்லவும் முடியாது. அவர் முன்னால் இருப்பது பதினொன்றரை மணியின் கை.

நம் சட்டத்தில் இந்த அம்மாவுக்கு இடம் இருக்கிறதா? இருக்கிறது. 1995-ம் ஆண்டின் பழைய சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டும்தான் ஏற்றுக்கொண்டிருந்தது. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக்கியது. அதில் முடக்குவாதம் என்று தனியாகப் பெயர் கிடையாது. ஆனால் எலும்பு, தசை, நரம்பு எதில் பாதிப்பு வந்து உடம்பை அசைப்பதும் பொருள்களைக் கையாள்வதும் சிரமமானாலும் அது இயக்கக் குறைபாடு என்கிறது சட்டம். பூ மடிக்கும் விரலும் அதில் வரும். படி ஏறும் முட்டும் வரும்.

ஏறி இறங்கும் வேறு சில நோய்களைச் சட்டம் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ், பார்க்கின்சன், ஹீமோஃபிலியா, தலசீமியா, சிக்கிள் செல் ஆகியவை. முதல் இரண்டையும் சொல்லும் இடத்தில் ‘போன்ற நாள்பட்ட நரம்பியல் நிலைகள்’ என்று எழுதியிருக்கிறார்கள். பட்டியலில் தன் நோயின் பெயர் இல்லையே என்று திரும்பிப் போகிறவர்கள் அந்தப் ‘போன்ற’ என்ற சொல்லை ஒருமுறை கவனிக்கலாம்.

சட்டத்தில் இடம் இருந்தும் சிக்கல் வருவது அளக்கிற இடத்தில்தான். இயக்கக் குறைபாட்டைச் சதவிகிதமாக அளக்க மத்திய அரசு 2018-ல் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. 2024 மார்ச்சில் அவற்றைத் திருத்தியது. மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது, தசைக்கு எவ்வளவு பலம் இருக்கிறது என்று பார்ப்பார்கள். காலுக்கு என்றால் சமதளத்தில் நடப்பது, சரிவில் நடப்பது, படி ஏறுவது, ஒற்றைக் காலில் நிற்பது, குந்தி உட்காருவது, சம்மணம் போடுவது, மண்டியிடுவது என்று ஒவ்வொன்றாகச் செய்யச் சொல்லிப் பார்க்கும் முறை நெடுநாளாக இருக்கிறது. போலியோவில் சூம்பிய காலுக்கும், விபத்தில் போன கைக்கும் இது பொருந்தும். அந்தக் கால் திங்கள்கிழமையும் அப்படித்தான், வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். முடக்குவாதக் கை அப்படி இல்லையே.

2017-ம் ஆண்டு விதிகளோடு வந்த சான்றிதழ்ப் படிவத்தைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். கை கால் இழப்பு, நிரந்தரச் செயலிழப்பு போன்றவை அல்லாத நிலைகளுக்கான படிவத்தில் ஒரு வரி உண்டு. இந்த நிலை கூடிக்கொண்டே போகிறதா, கூடவில்லையா, குணமாக வாய்ப்பு உண்டா, இல்லையா? இவற்றில் ஒன்றை டாக்டர் குறிக்க வேண்டும். நன்றாக யோசித்துப் போட்ட நாலு வாய்ப்புகள்தான். ‘வந்து வந்து போகிறது’ என்பதற்கு மட்டும் அங்கே இடம் இல்லை.

பார்க்கின்சன் நோயில் இந்தக் கண்ணாமூச்சி ஒரே நாளுக்குள் பலமுறை நடக்கும். லெவோடோபா மாத்திரை வேலை செய்கிற நேரத்தில் மனிதர் எழுந்து, சட்டை மாட்டி, தெருமுனைக் கடைக்குப் போய்ப் பேப்பர் வாங்கி வருவார். மாத்திரையின் வேகம் தீர்ந்ததும் அதே மனிதர் நிலைப்படியில் கால் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுவார். வெறும் தரையில் நடந்தவருக்கு வாசல் தாண்ட முடியாது. நரம்பியல் டாக்டர்கள் இதை ‘ஆன்’, ‘ஆஃப்’ என்று சொல்வார்கள். சான்றிதழுக்குப் போகிற அன்று, தாத்தா வழியில் சிரமப்படக் கூடாதே என்று வீட்டார் மாத்திரையைச் சரியான நேரத்துக்குக் கொடுத்துத்தான் கூட்டிப்போவார்கள். கொடுக்கவும் வேண்டும்; சான்றிதழுக்காக மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. ஆனால் “காலையில எட்டு மணிக்கு மாத்திரை கொடுத்தோம், பன்னிரண்டுக்கு மேல இவரால எழுந்திரிக்க முடியாது” என்று சொல்ல வேண்டும். மாத்திரை நேரங்களையும் கால் ஒட்டிக்கொள்ளும் நேரங்களையும் ஒரு வாரத்துக்கு எழுதிய தாள் ஒன்று இருந்தால், எதிரே இருக்கும் டாக்டருக்கு அது உடனே புரியும்.

மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் இன்னொரு தினுசு. அரசுத் தாள்களில் தண்டுவட மரப்பு நோய் என்று இருக்கும். பெரும்பாலும் இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள் வரும், பெண்களுக்கு அதிகம். நரம்பைச் சுற்றியுள்ள உறை பழுதாகி, ஒருநாள் கால் தள்ளாடும், பார்வை மங்கும், சில வாரத்தில் ஓரளவு சரியாகும், மாதங்கள் கழித்து மறுபடி வரும். வெயிலில் நடந்தாலோ காய்ச்சல் வந்தாலோ அறிகுறிகள் கூடும்; உடம்பு குளிர்ந்ததும் குறையும். சித்திரை வெயிலில் பஸ் நிறுத்தத்தில் தள்ளாடும் இளைஞனைப் பார்த்து ஊர் என்ன சொல்லும் என்று தெரியாதா? “பட்டப்பகல்லயே ஊத்தியிருக்கான் பாரு.” அவனே மறுவாரம் பைக் ஓட்டிப் போனால், “அன்னைக்கு நடிச்சான்.”

இந்தப் பேச்சுதான் பலரை விண்ணப்பிக்கவே விடாமல் செய்கிறது. நேற்று அரளிச் சாக்கைத் தூக்கிக்கொண்டு போனவளுக்கு எதற்கு உதவித்தொகை என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள். அவருக்கே உள்ளுக்குள் அந்தக் கேள்வி உண்டு. நல்ல நாளில் கை நன்றாக வேலை செய்யும்போது, நாம் கேட்பது நியாயம்தானா என்று கூசும். கெட்ட நாளில் கேட்கப் போக உடம்பு இடம் கொடுக்காது. இப்படியே வருடங்கள் ஓடும்.

இந்தக் கூச்சத்துக்கு ஓர் அளவுகோலை வெளிநாட்டிலிருந்து கடன் வாங்கலாம். பிரிட்டனில் 2013-லிருந்து நடப்பில் உள்ள ஒரு மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கான விதிகள், ஏறி இறங்கும் நோய்களை நேரடியாகவே எடுத்துக்கொள்கின்றன. மதிப்பிடும் நாளில் முடிகிறதா என்று மட்டும் பார்ப்பதில்லை. நெடுங்காலக் கணக்கில் பாதி நாள்களுக்கு மேல் சிரமம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஒரு வேலையைச் செய்ய முடிகிறது என்று சொல்வதற்கும் நாலு நிபந்தனை வைத்திருக்கிறார்கள். ஆபத்து இல்லாமல் செய்ய வேண்டும், ஒழுங்காகச் செய்ய வேண்டும், தேவைப்படும்போதெல்லாம் திரும்பத் திரும்பச் செய்ய முடிய வேண்டும், நியாயமான நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஒருமுறை மாடி ஏறிவிட்டு இரண்டு நாள் படுத்துக்கொண்டால் அது மாடி ஏறிய கணக்கில் வராது. (அந்த ஊர்க்காரர்களுக்கும் அந்தத் திட்டத்தின் மேல் குறைகள் ஏராளம். அது வேறு கதை.)

நம் விதிகளில் இந்தப் பாதி நாள் கணக்கு கிடையாது. ஆனால் டாக்டரிடம் எப்படிப் பேசுவது என்று யோசிக்கிறவர்களுக்கு அந்த நாலு கேள்வியும் உதவும். “மாடி ஏறுவீங்களா?” என்று கேட்டால், “ஏறுவேன் சார்” என்பது நம் வழக்கமான பதில். “ஏறுவேன் சார், கைப்பிடியைப் பிடிச்சுட்டு ஒவ்வொரு படியா ஏறுவேன், ஒருமுறை ஏறினா அன்னைக்கு மறுபடி முடியாது, மாசத்துல பத்துப் பன்னிரண்டு நாள் ஏறவே முடியாது” என்பது முழுப் பதில். இரண்டும் உண்மை. முதல் உண்மைக்குச் சதவிகிதம் குறைவாக வரும்.

இந்த முழுப் பதில் நம்மவர்கள் வாயில் எளிதில் வராது. டாக்டர் முன்னால் நல்லபடியாக இருப்பது ஒரு மரியாதை என்று பழகிவிட்டோம். கல்யாண வீட்டில் விசாரித்தாலும் ஆஸ்பத்திரியில் விசாரித்தாலும் “சொகந்தான்” என்றுதான் வாய் சொல்லும். பல வீடுகளில் நோயாளி பேசுவதே இல்லை. கூட வந்த மகன் பேசுவான். மகனுக்கு அம்மாவின் விடியல் நாலு மணி தெரியாது. அவன் எழுந்திருப்பதே ஏழு மணிக்குத்தான். “முட்டு வலி சார், வயசாயிட்டுல்லா” என்று ஒரு வரியில் முடித்துவிடுவான். கூடப் போவதற்குச் சரியான ஆள் காலையில் கூடவே இருந்து ஜாக்கெட் கொக்கி மாட்டிவிடுகிற மகளோ மருமகளோதான். அவளுக்குத்தான் கணக்குத் தெரியும்.

எழுதி வைப்பது அவசியம். அதற்கென்று டைரி வாங்க வேண்டாம். பால் கணக்குக் குறிக்கும் மாதக் காலண்டரே போதும். விறைப்பு எத்தனை மணிக்கு விட்டது, அன்று எதைச் செய்ய முடியவில்லை என்று இரண்டு சொல் எழுதினால் போதும். ‘வலி’ என்று எழுதுவதைவிட, ‘குடம் தூக்கலை’, ‘பஸ் ஏறலை’ என்று எழுதுவது பயன்படும். வலியின் அளவு சொல்கிறவருக்கு மட்டும்தான் தெரியும். தூக்க முடியாத குடம் எல்லோருக்கும் புரியும். போனில் படம் எடுத்து வைக்கலாம். வீங்கிய மணிக்கட்டின் படத்தில் தேதியும் நேரமும் தானாகவே பதிந்துவிடும். வாதம் கிளம்பிய வாரத்திலேயே டாக்டரிடம் கேட்டு இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனை செய்துகொண்டால், வீக்கம் அன்று எவ்வளவு என்பதற்கு அது சாட்சி. எக்ஸ்ரேயில் மூட்டு அரித்திருப்பது தெரிந்தால் அது இன்னும் பலமான சாட்சி. அந்தச் சேதம் எந்த நல்ல நாளிலும் மறையாது.

குமரி மாவட்டக்காரர்களுக்கு இன்னொரு விஷயம். 1956 நவம்பர் 1-ம் தேதி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்துவிட்டாலும், பெரிய நோய் என்றால் திருவனந்தபுரத்துக்கு வண்டி ஏறுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. ஸ்ரீ சித்திரை திருநாள் நிலையத்திலோ அங்குள்ள மருத்துவக் கல்லூரியிலோ வருடக்கணக்காக வைத்தியம் பார்த்த ஃபைல் வீட்டு அலமாரியில் இருக்கும். ஆசாரிப்பள்ளத்துக்கு அதை எடுத்துப்போகாமல், கடைசியாக வாங்கிய மருந்துச் சீட்டை மட்டும் மடித்துக் கொண்டுபோவார்கள். ஏறி இறங்கும் நோயின் கதை அந்தப் பழைய ஃபைலில்தான் இருக்கிறது. எந்த வருடம் எத்தனை நாள் படுக்கையில் இருந்தார், எப்போது ஸ்டீராய்டு கொடுத்தார்கள் என்பதெல்லாம் அதில் வரிசையாக இருக்கும். மொத்தமாக எடுத்துப்போக வேண்டும்.

விண்ணப்பம் இப்போது மத்திய அரசின் ஸ்வாவ்லம்பன் இணையதளம் வழியாகத்தான். 2021 ஜூனிலிருந்து சான்றிதழும் அதன் வழியாகவே தரப்பட வேண்டும் என்று ஆகிவிட்டது. குறைபாடு 40 சதவிகிதத்துக்குக் கீழே என்றால் வெள்ளை நிற அட்டை, 40-லிருந்து 80-க்குள் மஞ்சள், 80-ம் அதற்கு மேலும் நீலம். பெரும்பாலான சலுகைகளின் வாசல் அந்த 40-ல் இருக்கிறது. நாடு முழுக்க ஒரே அட்டை செல்லும்.

அட்டை கிடைத்தால் என்ன வரும்? தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கு வருவாய்த் துறை தரும் மாத ஓய்வூதியம் 2023 ஜனவரியிலிருந்து 1,500 ரூபாய் ஆனது. மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் பராமரிப்பு உதவித்தொகை 2,000 ரூபாய் ஆனது. இரண்டாவது எல்லோருக்கும் கிடையாது. 75 சதவிகிதமும் அதற்கு மேலும் பாதிக்கப்பட்டவர்கள், அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு உள்ளவர்கள், தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்கள் என்று வகைகள் உண்டு. முதுகுத்தண்டுவடப் பாதிப்பு, பார்க்கின்சன், தண்டுவட மரப்பு நோய் ஆகியவற்றுக்கும் தனி வகை இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் நிபந்தனைகள் வேறு. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் தன் நோயின் பெயரைச் சொல்லி எந்த வகை என்று கேட்பதுதான் சரி. சாதாரண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் கட்டணம் இல்லை. வடசேரிக்கும் ஆசாரிப்பள்ளத்துக்கும் மாதம் இருமுறை அலைகிற வீட்டுக்கு இது சிறிய விஷயம் இல்லை.

மாத வருமானம் உள்ளவர்களுக்கு வேறு கவலை. அரசு வேலையில் இருக்கும் ஒருவருக்கு இப்படி ஒரு நோய் வந்தால், முதலில் அதை மறைக்கத்தான் பார்ப்பார். வேலை போய்விடும் என்ற பயம். 2016 சட்டத்தின் 20-வது பிரிவு அதற்கு நேர் எதிராகச் சொல்கிறது. பணியில் இருக்கும்போது குறைபாடு ஏற்பட்ட அரசு ஊழியரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. அந்த வேலை முடியாது என்றால் அதே சம்பளத்தில் வேறு வேலைக்கு மாற்ற வேண்டும். அதுவும் இல்லையென்றால் தனிப் பணியிடம் உருவாக்கி வைத்திருக்க வேண்டும்.

நாற்பதைத் தொடாதவர்களுக்கும் ஒரு தீர்ப்பு இருக்கிறது. விகாஷ் குமார் என்ற சிவில் சர்வீஸ் தேர்வாளருக்கு எழுதும்போது மட்டும் கை இழுத்துக்கொள்ளும் ‘ரைட்டர்ஸ் கிராம்ப்’ என்ற பாதிப்பு. மற்ற வேலைகளில் பெரிய தொல்லை இல்லை. 40 சதவிகிதம் இல்லையே, தேர்வெழுத உதவியாளர் எப்படித் தருவது என்றது தேர்வாணையம். 2021 பிப்ரவரி 11-ம் தேதி உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 40 சதவிகிதம் என்பது இடஒதுக்கீடு போன்ற சில உரிமைகளுக்கான எல்லை; அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு நியாயமான வசதியைச் செய்து தரும் கடமை அதனால் மறைந்துவிடாது என்றது. அதன்பின் 2022-ல் எழுதச் சிரமப்படும் மற்றவர்களுக்கும் உதவியாளர் வைத்துக்கொள்ள மத்திய அரசு வழிமுறை வகுத்தது. வாதம் கிளம்பினால் பேனா பிடிக்க முடியாத கல்லூரி மாணவிக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு வார்த்தை எச்சரிக்கையாக. முழுப் பதில் சொல்வது வேறு, கூட்டிச் சொல்வது வேறு. பொய் சொல்லிச் சலுகை பெற்றால் சட்டத்தின் 91-வது பிரிவில் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. நடக்க முடிகிற நாளில் காலை இழுத்து நடந்து காட்டத் தேவையே இல்லை. டாக்டர்கள் அதை எளிதில் கண்டுபிடிப்பார்கள்; பிறகு சொல்கிற உண்மையையும் நம்ப மாட்டார்கள். போலிச் சான்றிதழ் செய்தி ஒவ்வொன்று வரும்போதும் அடுத்து வரிசையில் நிற்கும் உண்மையான நோயாளிக்குத்தான் கேள்விகள் கூடுகின்றன.

சில நேரம் சான்றிதழில் காலக்கெடு போட்டுத் தருவார்கள். குறைபாட்டின் அளவு மாற வாய்ப்பு இருந்தால் அப்படித்தான் தர வேண்டும் என்று விதியே சொல்கிறது. வாங்கியவருக்கு வருத்தமாக இருக்கும். மறுபடி அலைய வேண்டுமே என்று. வந்து வந்து போகும் நோய்க்குப் படிவத்தில் கிடைக்கிற ஓரளவு பொருத்தமான இடம் அதுதான். ஆனால் விரல் மூட்டு அரித்து வளைந்தே போய்விட்டது என்றால் காலக்கெடு வேண்டியதில்லை. எக்ஸ்ரேயைக் காட்டி நிரந்தரச் சான்றிதழ் கேட்கலாம். தற்காலிகம் என்றால் முடியும் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு, அதற்குச் சில மாதம் முன்பே மறுவிண்ணப்பம் செய்துவிட வேண்டும். சான்றிதழ் தருவதற்கான அவகாசமே 2024 அக்டோபர் திருத்தத்தில் ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதமாகிவிட்டது.

சான்றிதழ் மறுக்கப்பட்டால் நிறையப் பேர் அங்கேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். வாய் வார்த்தையாகக் கேட்டு வந்தால் கையில் ஒன்றும் இருக்காது. மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்பது விதி. அதற்கென்று தனிப் படிவமே உண்டு. கிடைத்த சதவிகிதம் குறைவு என்று நினைத்தாலும், மறுக்கப்பட்டாலும், முடிவு வந்த தேதியிலிருந்து 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். எழுத்தில் இருந்தால்தான் அந்த 90 நாள் எப்போது தொடங்கியது என்பதும் தெரியும்.

தோவாளை அம்மாவுக்குக் கிடைத்தது வெள்ளை அட்டை என்று வைத்துக்கொள்வோம். 90 நாளுக்குள் மேல்முறையீடு போட்டு, மறுமதிப்பீட்டுக்கு வரச் சொல்லித் தகவல் வருகிறது. இடைப்பட்ட வாரங்களில் மகள் ஒரு காரியம் செய்திருக்கிறாள். அடுப்படிக் காலண்டரில் பால் கணக்குக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டே வந்திருக்கிறாள். இந்த முறையும் நல்ல நாள்தான். வலி மாத்திரை போட்டுத்தான் பஸ் ஏறுகிறார். சேலையும் வெளுத்த சேலைதான். மஞ்சள் பையில் எக்ஸ்ரே, திருவனந்தபுரம் ஃபைல், மூன்று மாதத் தாள்கள்.

டாக்டர் தாள்களைப் புரட்டுகிறார். பல கட்டங்களில் ‘9.30’, ‘10’ என்று நேரம் இருக்கிறது. சிலவற்றில் ‘குடம்’, சிலவற்றில் ‘படி’. ஒரு வாரம் முழுக்க ஒரே சொல்.

“இதென்னம்மா, இந்த ஏழு நாளும் சோறுன்னு எழுதியிருக்கு?”

அம்மா தலையைக் குனிந்துகொள்கிறார். மகள்தான் சொல்கிறாள்.

“அந்த வாரம் அம்மைக்குச் சோறு பிசைய முடியல்ல சார். நான்தான் ஊட்டிவிட்டேன்.”